எந்தக் குரலையும் நம்பக் கூடாத ஆட்டம்

கேமராவைத் தோளில் ஏற்றத் தொடங்கியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள், லைட்டிங் பற்றி எழுதினால் நல்லது என்றார்கள் உங்கள் சங்கத்தார். நான் லைட்டிங் பற்றி எழுதினால் ஆரணியில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மீதிப் பேர் பொத்தாமல் சிரிப்பார்கள். நான் எடுத்த முதல் கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர், பெண்ணின் முகம் அந்தச் சுவரில் விழுந்த நிழல். தாலி கட்டும் நேரத்தில் நான் நாதஸ்வரக்காரரின் கன்னத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். அது அவ்வளவு அழகாக உப்பியிருந்தது. பெண் வீட்டார் கேசட்டோடு வந்து, "தாலி எங்க சார்?" என்று கேட்டார்கள். "அதான் கழுத்துல இருக்குதே, வீட்டுக்குப் போய்ப் பாருங்க" என்றேன். இப்படிப்பட்டவனிடம் லைட்டிங் கேட்கலாமா?

எப்போது படம் எடுக்க வேண்டும் என்பதை எந்த மடையனும் கற்றுக்கொள்வான். நானே கற்றுக்கொண்டேன். எப்போது எடுப்பதை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு அதைச் சொல்லித் தந்தது ஒரு பேய்ப்படம். முடியாத படம். அதைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் வீடியோ நம் ஊருக்கு வந்தது. இப்போது போல உள்ளங்கையில் அடங்கும் சங்கதி அல்ல. ஒரு தோளில் கேமரா, இன்னொரு தோளில் வார் போட்டுத் தொங்கும் ரெக்கார்டர், இரண்டையும் இணைக்கும் தடித்த ஒயர். மண்டபத்துக்குள் நான் நுழைந்தால் பொதி ஏற்றிய கழுதை வருவது போல இருக்கும். குழந்தைகள் பின்னாலேயே வரும். அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ரசிகர் கூட்டம்.

ஒரு மழைக்காலத்தில் மெட்ராஸிலிருந்து ஒருவர் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். கழுத்தில் மப்ளர், கையில் அணையாத சிகரெட். தன்னை டைரக்டர் என்றார், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். வீடியோவிலேயே ஒரு பேய்ப்படம் எடுக்கப்போவதாகச் சொன்னார். கதை இதுதான்: பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டில் ஒரு கேசட் கிடைக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தால், ஒருவரையொருவர் அறியாத சிலர் ஓர் ஆட்டம் ஆட வருகிறார்கள். விளக்கு அணைந்து எரியும்போதெல்லாம் ஒரு ஆள் குறைகிறான். கடைசியில் யாரும் இல்லை, கேசட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"நல்லாத்தான் இருக்கு சார். நடிக்கிறது யாரு?" என்றேன்.

"யாரும் நடிக்கப் போறதில்லை. நடிகன் பயந்தா அது நடிப்பு. நடிக்கத் தெரியாதவன் பயந்தா அதுதான் படம். ஆளுங்களைக் கூப்பிட்டு உக்கார வைப்போம். என்ன நடக்கும்னு அவங்களுக்குச் சொல்ல மாட்டோம்."

"எனக்காச்சும் சொல்லுவீங்களா?"

"உங்களுக்குச் சொல்லியாகணும். கேமரா ஆடக் கூடாதே."

எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. நான் விளக்கு நன்றாக எரியும்போதே ஆட்டுகிறவன்.

ஆரணி, போளூர், சேத்துப்பட்டு பஸ் நிலையங்களில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வீடியோ படத்தில் முகம் காட்ட விருப்பமா என்று கேட்கிற நோட்டீஸ். யாருக்குத்தான் விருப்பம் இல்லை? வந்த கூட்டத்தில் டைரக்டர் மூன்று பேரைப் பொறுக்கினார். போளூரிலிருந்து பாபு என்ற இளைஞன். மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் வேலை, தலைமுடியை மட்டும் பார்த்தால் கதாநாயகன். சேத்துப்பட்டிலிருந்து மெர்சி டீச்சர். மிஷன் பள்ளியில் வருடா வருடம் கிறிஸ்துமஸ் நாடகம் போடுகிறவர், தேவதூதன் வேஷத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். மூன்றாவது ஆள் நம் ஊர் நெசவாளி ஏகாம்பரம் அண்ணன்.

அவரைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். ஐம்பது வயதைத் தொட்டவர், சினிமாக் கொட்டகைப் பக்கமே போகாதவர். தனியாகக் கூப்பிட்டு, "இன்னாண்ணே, உங்களுக்கு எதுக்கு இந்தப் பேஜார்?" என்றேன்.

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார், அப்போதே படம் எடுக்கப் போகிற மாதிரி.

"பையன் போயிட்டான் இல்ல. உனக்குத் தெரியும்ல. தறியில உக்கார மாட்டேன்னான், நான் ஒரு வார்த்தை அதிகமாப் பேசிட்டேன். மெட்ராஸ்ல சினிமாவுல இருக்கேன்னு எவன்கிட்டயோ சொல்லி அனுப்பிச்சான். அப்பால ஒண்ணும் இல்ல. உசுரோட இருக்கானா, சாப்பிட்டானா, ஒண்ணும் தெரியல. நான் எங்கன்னு போய்த் தேடறது? மெட்ராஸ் இன்னா நம்ம ஆரணியா? அதான், நான் படத்துல வந்தா எங்கனா ஒரு எடத்துல பாப்பான் இல்ல? மூஞ்சி மட்டும் தெளிவா விழணும் சார். அத நீ பாத்துக்க."

நான் அவரைவிடச் சின்னவன். இருந்தாலும் கேமரா கையில் இருந்ததால் சார் என்றார். முகம் தெளிவாக விழும் என்று வாக்குக் கொடுத்தேன். என் கல்யாண வீடியோக்களைப் பார்த்தவர்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் அவரை எச்சரித்திருப்பார்கள்.

படம் எடுத்த இடம், ஊர்க் கோடியில் பூட்டிக் கிடந்த ஒரு தறிக்கூடம். முதலாளி குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். நீளமான ஓட்டுக் கட்டடம். உள்ளே வரிசையாகக் குழித்தறிகள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: குழித்தறி என்றால் தரையில் இடுப்பளவு குழி இருக்கும். நெசவு செய்கிறவர் தரை விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் குழிக்குள் விட்டு மிதிக்கட்டையை மிதிப்பார். அந்தக் கூடத்தில் தறிகளைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். மரக்கால்களும் குழிகளும்தான் மிச்சம். டைரக்டர் உள்ளே நுழைந்து அந்த வரிசையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"செட்டே போட வேண்டாம். கல்லறைத் தோட்டம் மாதிரியே இருக்கு."

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. எங்கள் அப்பாவும் அப்படி ஒரு குழியில் காலை விட்டு உட்கார்ந்துதான் எங்களுக்குச் சோறு போட்டார். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. படம் எடுக்க வந்தவன் படத்தை மட்டும் எடுக்க வேண்டும் என்பது அப்போது நான் வைத்திருந்த கொள்கை.

ஆட்டத்தில் ஒரு குரல் உண்டு. தரைக்கு அடியிலிருந்து வர வேண்டும் என்று டைரக்டருக்கு ஆசை. மைக்செட்காரரைக் கூப்பிட்டு, ஒரு கேசட் பிளேயரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் கோடியில் இருந்த குழிக்குள் பலகை போட்டு இறக்கி வைத்தார். கரண்ட் ஒயர் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று, அதை எல்லாக் குழிகள் வழியாகவும் இழுத்து, மேலே கோரைப்பாயை விரித்து மூடிவிட்டார்கள். ஜன்னல்களில் கோணிப்பையை அடித்தார்கள். வெளியே மத்தியானம், உள்ளே இருட்டு.

முந்தின நாள் முழுவதும் மழை. அன்று காலையில்தான் விட்டிருந்தது.

மூன்று பேரையும் பாய்களுக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் நான். நடுவில் மூடிய குழிகள். பெரிய விளக்கு எரிந்தது. டைரக்டர் மூவர் முன்னாலும் நின்று, ஜெபம் சொல்கிற குரலில் விதிகளைச் சொன்னார்.

"விளக்கு அணையும், எரியும். ஒரு குரல் பேசும். வேற குரலும் கேட்கலாம். நான் கத்தலாம், இதோ இந்தக் கேமராக்காரர் கத்தலாம், உங்களையே யாராவது கூப்பிடலாம். எந்தக் குரலையும் நம்பாதீங்க. நம்பி எழுந்து வெளியே ஓடினவங்க ஆட்டத்திலிருந்து அவுட். படத்திலிருந்தும் அவுட். கடைசிவரை உட்கார்ந்தவங்கதான் படத்தில் இருப்பாங்க."

ஏகாம்பரம் அண்ணன் பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையாட்டினார். நான் முதலில் அவர் முகத்தைத்தான் நெருங்கி எடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, அன்று என் கை ஆடவில்லை. நெற்றிச் சுருக்கம், காதோர நரை, எல்லாம் விழுந்தது. அவர் கேமராவைப் பார்க்காமல், கேமராவுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டைரக்டர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். பெரிய விளக்கின் சுவிட்ச் அவரிடம். உள்ளே ஓர் ஓரத்தில் சின்னச் சிவப்பு பல்பு மட்டும் தனியாக எரிந்துகொண்டிருக்கும், கேமராவுக்கு ஏதாவது தெரிய வேண்டுமே என்று.

பெரிய விளக்கு அணைந்தது. தரைக்குக் கீழிருந்து குரல் வந்தது. மெதுவான, சளி கட்டிய குரல். "மூணு பேரு வந்தீங்க. எத்தனை பேரு போவீங்க?" அதைப் பதிவு செய்தபோது நானும் கூட இருந்தேன். பேசியவர் மைக்செட்காரர்தான், அன்றைக்கு அவருக்கு ஜலதோஷம். எல்லாம் தெரிந்த எனக்கே முதுகுத்தண்டில் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது.

விளக்கு எரிந்தபோது பாபு இருந்த இடம் காலி. டைரக்டரின் ஆட்கள் அவனைப் பின்கதவு வழியாக வாயைப் பொத்தி அழைத்துப்போய்விட்டார்கள். மெர்சி டீச்சர் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். தேவதூதனே பயந்துவிட்டான்.

"டீச்சர், பயப்படாதீங்க, எல்லாம் சும்மா" என்றார் ஏகாம்பரம் அண்ணன்.

"உங்களுக்குப் பயமா இல்லீங்களா?"

"இருக்குதும்மா. இன்னா பண்றது, எழுந்தா மூஞ்சி போயிடும்."

மறுபடி இருட்டு. மறுபடி குரல். "அடுத்தது யாரு?"

நான் தாழ்வாக இறங்கி எடுக்கலாமென்று குனிந்தேன். தடுமாறாமல் இருக்க, பக்கத்தில் நின்ற பழைய தறிக்காலைப் பிடித்தேன். குழிக்குள் ஊன்றிய, மழை ஈரத்தில் ஊறிய மரம். சுரீர் என்று உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் ஓடியது. கையை உதறினேன். மரத்தில் எப்படிக் கரண்ட் வரும் என்று மூளை கேட்டது. பதிலும் உடனே வந்தது. ஒயர் குழி வழியாகப் போகிறது. பாயை மூடிய பிறகு குழியில் மழைத்தண்ணீர் ஊறியிருக்கிறது. ஒயரில் ஒட்டுப் போட்ட இடம் தண்ணீருக்குள் கிடக்கிறது.

நிமிர்ந்து கேமராவில் கண்ணை வைத்தேன். சிவப்பு வெளிச்சத்தில் ஏகாம்பரம் அண்ணன் பாயின் ஓரத்தைக் கையால் தடவி ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

இதை நெசவுத் தெருவில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காலமெல்லாம் குழித்தறியில் உட்கார்ந்தவருக்குச் சம்மணம் போட்டு நெடுநேரம் இருக்க முடியாது. முட்டி கேட்காது. குழியில் காலைத் தொங்கவிட்டால்தான் உடம்பு உட்கார்ந்ததாக அர்த்தம். வேறு யாராக இருந்தாலும் அந்த இருட்டில், அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, குழியை விட்டு விலகித்தான் போவார்கள். பயந்த நெசவாளி ஒருவர்தான் குழியைத் தேடிப் போய் உட்காருவார். அது அவருக்குக் கல்லறை இல்லை, நாற்காலி.

"அண்ணே, குழியில காலை விடாதீங்க. கரண்ட் இருக்குது" என்று கத்தினேன்.

அவர் தலையைத் திருப்பினார். சிவப்பு வெளிச்சத்தில் பல் தெரிந்தது. சிரித்தார்.

"தெரியும் சார். நீ கத்துவன்னு முன்னயே சொல்லிட்டாங்க."

"ஆட்டம் இல்லண்ணே. நெசமாத்தான் சொல்றேன். டீச்சர், நீங்களாச்சும் அவரப் புடிங்க."

"கேமராக்கார சார் நல்லா நடிக்கிறாரு" என்றார் டீச்சர். பாதி அழுகை, பாதி பாராட்டு.

"மெயின ஆப் பண்ணுங்க. டைரக்டர் சார், ஜல்தி, மெயின ஆப் பண்ணுங்க."

கதவுக்கு வெளியிலிருந்து டைரக்டரின் குரல் மகிழ்ச்சியோடு வந்தது. "பிரமாதம். விடாதீங்க, இன்னொரு தபா அதே மாதிரி."

தம்பிகளே, என் தொழில் வாழ்க்கையில் என்னை நடிகன் என்று ஒத்துக்கொண்ட ஒரே நேரம் அது. நிஜத்தைச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. எல்லா வார்த்தைகளையும் ஆட்டம் முன்கூட்டியே தின்றுவிட்டது. அம்மா மேல் சத்தியம் செய்தாலும் அது வசனம். அழுதாலும் நடிப்பு. எனக்கும் அவருக்கும் நடுவில் மூடிய குழிகள் கிடந்தன. எதன் மேல் கால் வைத்தால் உள்ளே போவேன் என்றே தெரியாது. அவர் பாயைச் சுருட்டி ஒதுக்கிவிட்டு விளிம்பில் கையை ஊன்றினார். ஒரு கால் குழிக்கு மேலே வந்துவிட்டது.

அப்போது என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை.

"இழை போச்சு. காலெடு."

சின்ன வயதில் அப்பாவின் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நாடா போட்டவன் நான்; நாடா என்றால் தறியில் இங்கும் அங்கும் ஓடிக் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் மரக்கட்டை. பட்டுப் பாவில், அதாவது நீளவாட்டு நூலில், ஓர் இழை அறுந்தால், கரை போடுகிறவன் அதை முதலில் பார்த்துவிட்டால், இப்படித்தான் கத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு மிதி மிதித்தாலும் அறுந்த நுனி பக்கத்து இழைகளில் சிக்கி அன்றைய வேலை பாழ். அதனால் நெசவாளியின் கால், காதுக்கு முன்னால் அதைக் கேட்டுக்கொள்ளும். மூளைக்குத் தகவல் போவதற்குள் கால் மேலே போய்விடும். தறியில் நான் உருப்படாமல் போனேன், அப்பா என்னைப் போட்டோ ஸ்டுடியோவுக்குத் துரத்தினார். அந்தக் கத்தலைத் துரத்த முடியவில்லை.

ஏகாம்பரம் அண்ணனின் கால் அந்தரத்தில் நின்றது. நம்பினாரா நம்பவில்லையா என்ற பேச்சே இல்லை. அவர் இன்னும் ஆட்டத்தில்தான் இருந்தார். கால் மட்டும் தறிக்குப் போய்விட்டது.

அந்த ஒரு மூச்சு எனக்குப் போதும். கேமராவை அப்படியே போட்டேன். சுவரோரமாகச் சுற்றி ஓடினேன். ரெக்கார்டர் தோளில் தொங்க, கேமரா ஒயரின் நுனியில் கயிற்றில் கட்டிய ஆடு மாதிரித் தரையில் இழுபட்டு வந்தது. பாதி வழியில் ஒயர் பிடுங்கிக்கொண்டது. அவரை அக்குளில் கையைக் கொடுத்து இழுத்துப் பின்னால் சாய்த்தேன். இரண்டு பேரும் மெர்சி டீச்சர் மேல் விழுந்தோம். டீச்சர் போட்ட சத்தத்தில்தான் கடைசியில் கதவு திறந்தது.

நானே போய் மெயினை இறக்கினேன். கோணியைக் கிழித்து வெளிச்சம் வரவிட்டு, அவர் கால் விட இருந்த குழியை எட்டிப் பார்த்தோம். கலங்கல் தண்ணீரில் ஒரு பெருச்சாளி நான்கு காலும் விறைத்துக் கிடந்தது. ஒயர் அதன் பக்கத்திலேயே.

மைக்செட்காரருக்கு முகம் வெளுத்தது. அவர் ஒருவருக்குத்தான் புரிந்தது. மெர்சி டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "இதைக்கூடவா கொண்டாந்து போட்டீங்க?"

"டீச்சர், அது நெசமான பெருச்சாளி. நெசமாவே செத்துப்போச்சு."

"அப்போ போளூர்த் தம்பியும் நெசமாவே காணாமப் போயிடுச்சா?"

சரியாக அந்த நேரத்தில் பின்கதவு வழியாகப் பாபு வந்து நின்றான். கையில் பிரியாணிப் பொட்டலம், உதட்டோரத்தில் ஒரு பருக்கை. "இன்னா சார், சத்தமா இருந்துச்சு?" என்றான். என் பேச்சுக்கு இருந்த கடைசிச் சாட்சியும் அந்தப் பருக்கையோடு போய்விட்டது. மைக்செட்காரரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரம் அண்ணனும் சிரித்தார்.

டைரக்டர் ஒயரை மேலே தூக்கிக் கட்டிவிட்டு மறுபடி தொடரலாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. பயத்தை எப்படி உண்டாக்குவது என்று யோசித்து யோசித்து, பயப்பட வேண்டிய இடத்தில் பயப்பட மறந்துபோனவர். நான் ரெக்கார்டரிலிருந்து கேசட்டை உருவிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். "லென்ஸ் ஒடைஞ்சிடுச்சு சார், இனிமே எடுக்க முடியாது" என்றேன். லென்ஸ் உடையவில்லை. ஆட்டத்தை நிறுத்த அந்த இடத்தில் செல்லுபடியாகக் கூடிய ஒரே பேச்சு பொய்தான். உங்களுக்கும் ஒருநாள் அப்படி ஓர் இடம் வரும். அப்போது அரிச்சந்திரனாக நிற்காதீர்கள்.

படம் அதோடு நின்றது. டைரக்டர் மெட்ராஸ் போனார், திரும்பவில்லை.

இதற்குப் பிறகு ஏகாம்பரம் அண்ணன் எனக்கு மாலை போட்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். வழியில் பார்த்தால் துண்டை உதறித் தோளை மாற்றிப் போட்டுக்கொண்டு போவார். ஒருநாள் நானே மறித்தேன்.

"இன்னாண்ணே, எம்மேல கோவமா?"

"கடைசிவரிக்கும் உக்காந்தவன்தான் படத்துல இருப்பான்னாங்க. நான் உக்காந்துகினுதான இருந்தேன்? நீதான இழுத்துப் போட்ட?"

"குழியில கரண்ட் இருந்துச்சுண்ணே. செத்துப்போயிருப்பீங்க."

"அதெல்லாம் ஆட்டத்துல சொல்றது. ஆட்டம் முடிஞ்சும் இன்னா அதையே சொல்லிகினு இருக்க? படம் வந்திருந்தா எம் பையன் பாத்திருப்பான்."

அந்தப் பேச்சு என்னை வீட்டுக்குள் துரத்திக்கொண்டு வந்தது. ஒருவரைக் காப்பாற்றிவிட்டு, அவர் வாயாலேயே பையனைப் பறித்தவன் என்று பெயர் வாங்குவது லேசான காரியமா? படுத்தால் அந்தக் கால்தான் அந்தரத்தில் நின்றது. இதற்கு ஏதாவது செய்யாவிட்டால் சோறு இறங்காது என்று ஆனது.

அந்தச் சமயத்தில் ஆரணியிலிருந்து மெட்ராஸுக்கு வீடியோ பஸ் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் தலைக்கு மேலே டிவி, ஏறி உட்கார்ந்தால் ஒரு படம். அந்தக் கண்டக்டர் எனக்குச் சிநேகிதர். படத்துக்கு முன்னால் கொஞ்சம் இதையும் ஓட்டு என்று சொல்லி ஒரு கேசட் கொடுத்தேன். அதில் ஏகாம்பரம் அண்ணனின் முகம். முகத்தை மட்டும் போட்டால் யார் பார்ப்பார்கள் என்று என் அதிமேதாவி மூளை யோசித்து, அதற்கப்புறம் நடந்ததையும் சேர்த்தது. இருட்டு, குரல், ஒயர் பிடுங்கிக்கொண்டு படம் அறுந்த இடம் வரைக்கும். அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தறியை விட்டு எழக்கூட இல்லை. ஆனால் மறுநாள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு அந்தப் பஸ்ஸில் ஏறிவிட்டதாகக் கண்டக்டர் சொன்னார்.

ஆற்காட்டிலேயே இறங்கித் திரும்பி வந்துவிட்டார். நேராக ஸ்டுடியோவுக்கு வந்து, போட்டோ எடுக்கிற ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"இன்னாண்ணே, ஜனங்க பாத்தாங்களா?"

"இன்னாய்யா இது, படத்தப் போடுன்னாங்க. ஒருத்தன் தூங்கினான்." டம்ளரைக் கையில் உருட்டினார். "நான் பாத்தேன்."

ஸ்டூலுக்கு எதிரே நான் தரையில் உட்கார்ந்தேன்.

"நீ கத்தற. மொதல்ல சும்மா கத்தற மாதிரிதான் கீது. அப்பால இழை போச்சுங்கற. ஒடனே படம் சாயுது. தரை தெரியுது, செவுரு தெரியுது, எல்லாம் உருளுது. நீ கேமராவக் கீழ போட்டுட்ட." தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெளயாட்டுக்கு எவனாச்சும் அதக் கீழ போடுவானா?"

அப்போதுதான் டம்ளரிலிருந்த தண்ணீர் அவர் வேட்டியில் சிந்தியது. நடந்து முடிந்து எத்தனையோ நாளைக்கு அப்புறம், என் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, அந்த மனிதர் முதல்முறையாக அந்தக் குழிக்குப் பயந்தார். நான் வாயில் வந்த ஒரு ஜோக்கை முழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் முழுங்கிய ஜோக்குகள் குறைவு.

"சார், அத எடுத்துடு" என்றார்.

"எதண்ணே?"

"பஸ்ஸுல ஓடறத. எங் காலு குழிக்கு மேல கீது, நீ கத்தற, படம் நின்னுபோது. அதுக்கப்பறம் ஒண்ணும் இல்ல. எம் பையன் அதப் பாத்தா இன்னா நெனப்பான்? அப்பன் செத்துட்டான்னு நெனப்பான். செத்த வீட்டுக்கு எதுக்குப் போவணும்னு வராமலே இருந்துடுவான்."

எனக்குத் தோன்றவே இல்லை, தம்பிகளே. அந்தப் படத் துண்டை எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தவன் நான். முகம் தெளிவாக இருக்கிறதா, சத்தம் கேட்கிறதா என்றுதான் பார்த்தேன். பார்க்கப்போகிறவன் யார் என்று யோசித்து ஒருமுறையும் பார்க்கவில்லை. டைரக்டருக்கும் எனக்கும் அந்த இடத்தில் வித்தியாசம் மப்ளர் மட்டும்தான்.

மறுநாள் காலையில் அவர் வீட்டுக்குக் கேமராவோடு போனேன். விளக்கு எடுத்து வர வேண்டாமென்று முன்னாலேயே சொல்லிவிட்டார். "கரண்ட் ஒயர் எதுவும் எம் வீட்டுக்குள்ள வரக் கூடாது." கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியாக விழுந்த வெயிலில் அவர் தறியில் உட்கார்ந்தார். காலைக் குழிக்குள் விடும் முன் ஒரு கணம் தயங்கியது தெரிந்தது. அந்தத் தயக்கம் கேசட்டிலும் இருக்கிறது. நான் வெட்டவில்லை. பையனுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்றேன். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், நாடாவை எறிந்தார். அப்புறம் நெய்துகொண்டே இருந்தார். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்காத அந்தத் துண்டுதான் நான் ஒழுங்காக எடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அது பஸ்ஸில் ஓடியது. ஜனங்கள் அதைப் பட்டுக்கடை விளம்பரம் என்று நினைத்தார்கள். எந்தக் கடை, சேலை என்ன விலை என்று கண்டக்டரைக் கேட்டார்கள். ஒரு ஜவுளிக்கடைக்காரர் என்னிடமே வந்து, நமக்கும் இதே மாதிரி ஒன்று எடுத்துக் கொடு, பெரியவரையும் கூப்பிட்டுக்கொள் என்றார். யார் யாரோ கேட்டார்கள். கேட்க வேண்டியவன் கேட்கவில்லை.

ஓடி ஓடிக் கேசட் தேய்ந்தது. முதலில் நிறம் போனது, அப்புறம் முகம் போனது. கடைசியில் திரையில் வெறும் கோடுகள்தான் துடித்தன. கண்டக்டர் அலுத்துக்கொண்டார். நான் ஏகாம்பரம் அண்ணனிடம் போய்ச் சொன்னேன்: "மூஞ்சியே தெரியலண்ணே. கேசட்ட எடுத்துடலாமா?"

அவர் தறியை நிறுத்தவில்லை.

"நாடா சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப இருக்கட்டும் சார். இந்தத் தறி சத்தம் அவனுக்குத் தெரியும்."